எச்ஆர்-வியா, சிஎக்ஸ்-5ஆ, எக்ஸ்50ஆ? செம்மண் பாதைக்கு ஒரு பழைய கிராஸ்ஓவர் தேடிய கதை

சுங்கை சிப்புட் டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு 7 கிலோமீட்டர். கடைசி 3 கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் பாதை. மழை பெய்தால் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் அதை உழுது போட்டுவிடும், வெயில் அடித்தால் முன்னால் போகிற மோட்டார் சைக்கிள்கூடத் தெரியாத அளவுக்குத் தூசி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, பழைய காடியில் (காரில்) குனிந்து ஏறி இறங்க அவரால் முடியவில்லை, மாதத்துக்கு இரண்டு தடவை ஈப்போ பெரிய மருத்துவமனைக்கும் போக வேண்டும். அதனால்தான் கொஞ்சம் உயரமாக உட்காரும் கிராஸ்ஓவர் ஒன்றைத் தேட ஆரம்பித்தோம். கடனோடு சேர்த்து 65 ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் போக முடியாது, அதனால் புதுக் காடி என்ற பேச்சே எழவில்லை.

அந்தக் காசுக்குள் எங்களுக்கு அமைந்தவை மூன்று. 2015க்குப் பிறகு வந்த ஹோண்டா எச்ஆர்-வி 1.8, 2017க்கு முந்தைய மஸ்டா சிஎக்ஸ்-5 2.0, அப்புறம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஆரம்பகால புரோட்டோன் எக்ஸ்50. மூன்றுமே இங்கே பொருத்தப்பட்டவைதான்: எச்ஆர்-வி மலாக்கா பெகோவில், சிஎக்ஸ்-5 கூலிமில், எக்ஸ்50 நம்ம பேராக் தஞ்சோங் மாலிமில்.

எங்கள் டவுனில் காடி பழுதுபார்க்கும் போர்மேன் அண்ணனிடம் எது நல்லது என்று கேட்டேன். அவர் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, இந்த மூணுலயும் இஞ்சின் சீக்கிரம் படுக்காது. கியர்பாக்ஸ் படுத்தா வாங்கின விலையில ஒரு பங்கு அங்கேயே போயிடும். மூணுக்கும் மூணு விதமான கியர்பாக்ஸ், முதல்ல அதைப் புரிஞ்சுக்க" என்றார். அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு காடியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

எச்ஆர்-வியில் இருப்பது சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை, எண்ணெயின் அழுத்தத்தால் பிடிபட்டு ஓடுகிறது. அந்தப் பிடிப்பு முழுக்க எண்ணெயின் தரத்தைப் பொறுத்தது. அதற்கென்றே ஹோண்டா வைத்திருக்கும் எச்சிஎஃப்-2 எண்ணெயைச் சுமார் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டு வந்தால் நீண்ட நாள் உழைக்கும். கியர் எண்ணெய் மாற்றவே தேவையில்லை என்று நினைத்துவிட்ட உரிமையாளரிடம் இருந்து வந்த காடி என்றால் பயப்படத்தான் வேண்டும். சோதிப்பது கஷ்டமில்லை. காலையில் இஞ்சின் சூடேறுவதற்கு முன்பே போய்விடுங்கள், மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்து 20லிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஒரு நடுக்கம் வருகிறதா என்று பாருங்கள், பிறகு நன்றாகச் சூடானதும் அதையே திரும்பச் செய்யுங்கள். சூடானதும் கீச்சென்று ஓர் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். இஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 1.8 லிட்டர், டர்போ கிடையாது, பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது, டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. 2019இல் வந்த எச்ஆர்-வி ஹைப்ரிட் (பெட்ரோல் இஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) முற்றிலும் வேறு காடி. அதில் இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் 7 கியர் கியர்பாக்ஸ், அதாவது இரட்டை கிளட்ச். இதே ஹைப்ரிட் அமைப்புக்காக ஜப்பானில் ஹோண்டா பல தடவை காடிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அதைக் கையாளத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இல்லாத ஊரில் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிஎக்ஸ்-5தான் கியர்பாக்ஸ் கணக்கில் என் மனதுக்குப் பிடித்தது, அதை மறைக்க மாட்டேன். பழைய பாணி 6 கியர் ஆட்டோ, கிளம்பும்போதும் ஊரும்போதும் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் வழியாகத்தான் விசை போகிறது. லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதும், செம்மண் மேட்டில் நின்று ஏறும்போதும் அது தாங்கிக்கொள்ளும். முன்னால் போகும் 'டி'யிலிருந்து பின்னால் போகும் 'ஆர்' கியருக்கு மாற்றும்போது ஒரு விநாடிக்கு மேல் யோசிக்கிறதா, ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது உதைக்கிறதா, இந்த இரண்டையும் கவனித்தால் போதும். ஆனால் செலவு வேறு இடத்தில் வரும். காடி கனமானது, டயர் பெரியது, எங்கள் பாதையில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் புஷ்ஷும் அதிர்வைத் தாங்கும் அப்சோர்பரும் சீக்கிரம் தேயும், ஐ-ஸ்டாப் (காடி நிற்கும்போது இஞ்சினைத் தானே அணைக்கும்) வசதி உள்ள காடிக்கு அதற்கென்று வேறு பேட்டரி வேண்டும், அது சாதாரண பேட்டரி விலையில் கிடைக்காது. டவுனில் எச்ஆர்-வி சாமான் சுலபமாகக் கிடைக்கிறது, மஸ்டா சாமானுக்கு எங்கள் போர்மேன் ஈப்போவுக்குச் சொல்லி அனுப்புகிறார்.

சிஎக்ஸ்-5 தேடும்போது 2.2 டீசல் காடி பெட்ரோல் காடியைவிட விலை குறைவாகக் கண்ணில் படலாம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு ஒரே இரவில் லிட்டர் 2.15லிருந்து 3.35 வெள்ளியானது ஞாபகம் இருக்கும். விலையை விடுங்கள், அந்த இஞ்சினுக்கு நீண்ட தூரம் ஓட வேண்டும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று 7 கிலோமீட்டர் போய் வருகிற வாழ்க்கையில் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். தினமும் ஈப்போ போய் வருகிறவருக்குச் சரி, எங்களுக்கு இல்லை.

எக்ஸ்50ஐப் பற்றி என்னைக் கேட்டவர்கள்தான் அதிகம், ஏனென்றால் பார்க்க அழகு, ஓட்ட உற்சாகம். மூன்று சிலிண்டர் 1.5 டர்போ, 7 கியர் இரட்டை கிளட்ச். கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் வகை, அதனால் உலர்ந்த வகையைவிடச் சூட்டைத் தாங்கும். ஆனாலும் கிளட்ச் கிளட்ச்தான், ஊர்ந்து போகும்போது அது வழுக்கி வழுக்கித்தான் காடியை நகர்த்துகிறது. சரிவான இடத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து நடக்கிற வேகத்தில் ஊர விடுங்கள், அதிர்ந்தால் அந்தக் காடி வேண்டாம். விலை குறைந்த மூன்று ரகங்களில் 150 குதிரைத்திறன் இஞ்சின், உச்ச ரகமான ஃபிளாக்‌ஷிப்பில் மட்டும் 177. அந்த 177இல் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, வால்வைக் கழுவ வழியில்லை, போகப் போக வால்வின் பின்புறம் கரி படியும். குட்டிக் குட்டிப் பயணத்துக்கு 150தான் ஏற்றது என்பது என் எண்ணம். உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், காடி அறிமுகமானது 2020 அக்டோபரில். ஆக முதல் வருடத்துக் காடிகளுக்கு அந்தக் குடை மடங்கிவிட்டது. இன்னும் உத்தரவாதம் மிச்சமிருக்கிறது, சர்வீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் எக்ஸ்50ஐ நான் தடுக்க மாட்டேன். இரண்டும் இல்லாத காடி எங்கள் பட்ஜெட்டுக்கு ஆபத்து.

(பெரொடுவா அத்திவாவையும் பார்த்தோம். 1.0 டர்போ, 2021 மார்ச்சில் வந்தது, சிக்கனமானது. ஆனால் அம்மாவின் சக்கர நாற்காலியைப் பின்னால் வைத்தால் வேறு எதுவும் வைக்க முடியவில்லை, அதோடு முடிந்தது.)

சரி, எந்த ரகம் என்பது பாதிக் கதைதான். என் மாமா 2022இல் ஒரு வியாபாரியிடம் மிகச் சுத்தமான காடி ஒன்றை வாங்கினார். நான்கு மாதத்தில் பவர் விண்டோ நின்றது, பிறகு மீட்டர் விளக்குகள், பிறகு ஏர்பேக் எச்சரிக்கை. போர்மேன் பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார், அடி நுனியில் காய்ந்த சேற்றுக் கோடு. 2021 டிசம்பர் 18 வாக்கில் ஷா ஆலம் பக்கம் எத்தனை காடிகள் மூழ்கின என்று எல்லோருக்கும் தெரியும், அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. மாமா அந்தக் கடனை இன்றும் கட்டுகிறார். அதனால் சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள், ஸ்பேர் டயரைத் தூக்கி அடியில் கையை விடுங்கள், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள், கம்பளத்தை ஓரத்தில் தூக்கி மோந்து பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். நாங்கள் பார்த்த ஒரு சிஎக்ஸ்-5இல் 72,000 என்று காட்டியது, பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, ஸ்டீரிங் தோல் பளபளத்துக் கிடந்தது. போர்மேன் ஸ்கேனரைச் சொருகி வேறொரு கணினிப் பெட்டியில் பதிவான தூரத்தைப் பார்த்தார், லட்சத்தைத் தாண்டியிருந்தது. வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறிவிட்டது என்று விற்பவர் காகிதத்தைக் காட்டினார். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை இஞ்சின் எண், சேசிஸ் எண் போன்றவற்றைப் பார்க்கும், கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று அது சொல்லாது. பழைய உரிமையாளர் பெயரிலேயே அவர் கடனைத் தொடர்ந்து கட்டச் சொல்லும் சம்புங் பாயார் ஆட்களும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். உரிமைப் பத்திரமான கிராண்ட் நம் பெயருக்கு வராத காடியை எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஓட்டிப் பார்ப்பதை டவுனுக்குள்ளேயே முடித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் ஒவ்வொரு காடியையும் முதலில் எங்கள் செம்மண் பாதையில் ஜன்னலைத் திறந்து, வானொலியை அணைத்து ஓட்டினோம், லோவர் ஆர்ம் தட்டுவது அங்கேதான் கேட்கும். பிறகு ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை வரைக்குமான ஏற்றம். அந்த மேட்டில் இஞ்சின் சூட்டு எச்சரிக்கை எதுவும் வராமல், கியர் தடுமாறாமல் ஏறினால்தான் அடுத்த பேச்சு.

கடைசியில் எது? கியர்பாக்ஸை மட்டும் வைத்துச் சொன்னால் சிஎக்ஸ்-5 பெட்ரோல்தான் முதலில் நிற்க வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்த நான்கில் ஒன்றுக்குக்கூட முழு சர்வீஸ் கணக்கு இல்லை. கோலகங்சாரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2017 எச்ஆர்-வி வைத்திருந்தார், பிஸ்கட் டின் ஒன்றில் எல்லா ரசீதுகளும், 41,000இலும் 80,000இலும் சிவிடி எண்ணெய் மாற்றியதற்கு அத்தாட்சியோடு. இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ஒன்று தளர்ந்திருந்ததைக் காட்டினோம், அதற்கு உண்டானதைக் குறைத்துக்கொண்டார். அந்த ரசீதுகளுக்காகத்தான் எச்ஆர்-வி வாங்கினோம்.

காடி இப்போது 1,18,000இல் இருக்கிறது. மூன்றாவது எண்ணெயைப் போன சனிக்கிழமை மாற்றியாயிற்று, மவுண்டிங் அடுத்த மாதச் சம்பளத்தில். அம்மா கதவைப் பிடிக்காமலே ஏறி உட்காருகிறார்.