ஒளிர்வுப் பொத்தானில் சறுக்கிய ஒரு மடிக்கணினி

ஒரு மாதமாக லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்திவரும் இந்த மடிக்கணினியின் திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒளிர்வுப் பொத்தான்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் அரைகுறையாக வந்திருக்கிறது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒளிர்வு இரண்டு படி தாவுகிறது. வன்பொருளிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேர் தானாகவே ஒளிர்வை மாற்றிவிட்டு, அதே அழுத்தலை விசை நிகழ்வாகவும் (பொத்தான் அழுத்தப்பட்டது என்ற தகவலாக) லினக்ஸுக்கு அனுப்புவதால், டெஸ்க்டாப் மென்பொருள் தன் பங்குக்கு இன்னொரு படி கூட்டுகிறது. இரண்டில் ஒன்று மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. படிகளையும் சம அளவில் பிரித்திருக்கிறார்கள். கண் விகிதத்தைத்தான் உணரும் என்பதால், ஒளிர்வின் உச்ச மதிப்பு 255 ஆக இருக்கும்போது, 10இலிருந்து 20க்குப் போனால் இருட்டறையில் கூசுகிறது, 240இலிருந்து 250க்குப் போவது தெரிவதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் தொடக்க அமைப்பில், ஃபர்ம்வேர் வழியாக ஒளிர்வை மாற்றும் ஏசிபிஐக்குப் பதிலாகக் கிராஃபிக்ஸ் டிரைவரின் சொந்த பேக்லைட் (திரைப் பின்னொளி) கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுத்தபின் இரட்டைத் தாவல் நின்றது; கீழ்முனைக் கூச்சம் அப்படியேதான் இருக்கிறது. கெர்னல் அமைப்புகளைத் தொடத் தயங்காதவர்கள் வாங்கலாம்.