டெலிரியமா, டிமென்ஷியாவா: முதலில் எதைச் சந்தேகிப்பது?

இடுப்பெலும்பு அறுவை முடிந்த மூன்றாம் நாள் இரவு, அம்மா என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார். "வயசாயிடுச்சுல்ல, மறதிநோய் வந்திருக்கும்" என்றார் சித்தி. நான் டெலிரியம் என்றேன்; உடலில் ஏதோ கோளாறால் மூளை திடீரென்று தடுமாறும் குழப்ப நிலை அது. முதியவருக்குத் திடீரென்று குழப்பம் வந்தால், இல்லையென்று தெரியும்வரை டெலிரியம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது என்பதுதான் இன்றும் என் கட்சி. அதன் பின்னால் உடனே சரிசெய்ய வேண்டிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கும்.

வேக வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததே. டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் வரும். சித்தி சொன்ன மறதிநோயான டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊறும்.

எனக்கு முடிவைச் சொன்னது கவனம்தான். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரின் ஆரம்பத்தில் இருப்பவர் நாம் பேசுவதைக் கடைசிவரை கேட்பார், பொருத்தமாகப் பதிலும் சொல்வார். பத்து நிமிஷம் கழித்து அதையே திரும்பக் கேட்பார். கேட்டது தங்கவில்லை, அவ்வளவுதான். டெலிரியத்தில் கேட்பதே நடப்பதில்லை. வாக்கியம் முடியுமுன் கண் எங்கோ போய்விடும். 1990இல் வந்த 'சிஏஎம்' என்ற கண்டறியும் முறையில் கவனக்குறைவு இல்லாமல் டெலிரியம் என்று சொல்லவே முடியாது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது எளிய சோதனை. டெலிரியத்தைச் சுருக்கமாகச் சோதிக்கும் '4ஏடி' மதிப்பீட்டில் 7 மாதம் சரியாக வந்தால் போதும். அறுவைக்கு முந்தின நாள் மனக்கணக்கிலேயே மருந்து பில்லைச் சரிபார்த்த அம்மா, நவம்பர் வரை வந்து, அப்புறம் ஜன்னலைப் பார்த்து யாரையோ கூப்பிட்டார். மறுநாள் காலை ஜூன்வரை தடங்கலில்லாமல் போனார். மாலையில் மறுபடி அக்டோபரில் நின்றுவிட்டார்.

ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தூக்கத்துக்கென்று கொடுத்த ஒவ்வாமை மாத்திரையும் சேர்ந்துகொண்டது. சோடியத்தைச் சரிசெய்து, மாத்திரையை நிறுத்தி, கண்ணாடியையும் காது மெஷினையும் திரும்ப மாட்டிவிட்ட பிறகு ஒரு வாரத்தில் பெரும்பாலும் தெளிந்தார். எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் தெளியாது. சிலருக்கு மாதங்கள் ஆகும்.

டிமென்ஷியாவை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதில் லூயி பாடி என்ற வகையில் கவனமும் ஏறி இறங்கும், இல்லாத உருவங்களும் தெரியும். அங்கே என் அளவுகோல் செல்லாது. ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவருக்கு டெலிரியம் இன்னும் சுலபமாக வரும் என்பதால் இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். கத்தாமல், சுருண்டு படுத்துக் கிடக்கிற டெலிரியமும் உண்டு. அதைச் சோர்வு என்று விட்டுவிடுவார்கள்.

டெலிரியம் வந்துபோனவருக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து நினைவுப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம். சித்தியையும் கூட்டிப்போகிறேன்.