தைராய்டு கட்டிக்குச் செயற்கை நுண்ணறிவு ஸ்கேன்: அக்காவுடன் சென்ற அனுபவம்

அக்காவின் கழுத்தில் வலப்பக்கம் தென்பட்ட வீக்கத்துக்காக, இயந்திரக் கற்றல் மென்பொருளின் துணையோடு தைராய்டு அல்ட்ராசவுண்ட் எடுக்கும் ஸ்கேன் மையம் ஒன்றுக்குக் கடந்த மாதம் சென்றிருந்தோம். மென்பொருளுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

தோளுக்கு அடியில் தலையணை வைத்து, ஜெல் தடவி, மருத்துவர் கருவியை நகர்த்தினார். 1.7 செ.மீ. கட்டி திரையில் தெரிந்ததும் படத்தை நிறுத்தினார்; சில நொடிகளில் மென்பொருள் கட்டியைச் சுற்றிக் கோடு வரைந்து, பக்கத்தில் மதிப்பெண்களை இட்டது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் எனும், கட்டி புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தை மதிப்பெண்ணால் அளக்கும் முறைப்படி, கட்டியின் உட்பொருள், எதிரொலித் தன்மை (படத்தில் எவ்வளவு வெளிர்ந்து தெரிகிறது என்பது), வடிவம், விளிம்பு, வெண்புள்ளிகள் என ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. அவற்றின் கூட்டுத்தொகையையும் கட்டியின் அளவையும் வைத்தே, ஊசியால் கட்டியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்கிறார்கள்.

நீரும் திசுவும் கலந்த கட்டி என்பதற்கு 1, சுற்றியுள்ள தைராய்டைப் போன்றே சாம்பல் நிறம் என்பதற்கு 1, வெண்புள்ளிகளைச் சுண்ணாம்புத் துகள்கள் என்று கணித்து 3, ஆக மொத்தம் 5 என்றது மென்பொருள். அது நான்காம் வகை, 1.5 செ.மீ. அளவைத் தொட்டாலே ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். அக்கா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். மருத்துவரோ கருவியைச் சற்றுத் திருப்பி வைத்து, புள்ளிக்குப் பின்னால் வால்நட்சத்திரம்போல ஒளி நீண்டு மங்குவதை எங்களுக்குக் காட்டினார். அது கட்டிக்குள் தேங்கிய கொலாய்டு எனும் பசை போன்ற பொருள், சுண்ணாம்பு அன்று என்பதால் அதற்கு மதிப்பெண் 0. மொத்தம் 2 ஆனது. இரண்டாம் வகைக்கு ஊசி தேவையில்லை.

தவறிய போதும் இந்த மென்பொருளை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பிரித்துக் காட்டியதால்தான் பிழை எந்த இடத்தில் என்று மருத்துவருக்கு உடனே பிடிபட்டது. புற்றுநோய் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒற்றை எண்ணை மட்டும் காட்டியிருந்தால் எதைத் திருத்துவது? தென்கொரியாவில் பரவலாக ஸ்கேன் எடுத்ததன் விளைவாக, தைராய்டு புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டோர் விகிதம் 1993-இல் இருந்ததைவிட 2011-இல் சுமார் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தேவையற்ற ஊசியையும் அறுவையையும் தவிர்ப்பதும் நல்ல பரிசோதனையின் வேலைதான்.

குறை ஒன்று உண்டு, சிறியதும் அன்று. கையில் கொடுத்த அச்சு அறிக்கையில் பழைய 5 மதிப்பெண்ணும் நான்காம் வகையும் அப்படியே இருந்தன. வரவேற்பறையில் சுட்டிக்காட்டி, அரை மணி நேரம் காத்திருந்துதான் திருத்திய தாளைப் பெற்றோம். மருத்துவர் விளக்கியதை உடனிருந்து கேட்காதவர்கள் அந்தத் தாளோடு நேரே அறுவை மருத்துவரிடம் போயிருப்பார்கள். இங்கே செல்பவர்கள், மருத்துவர் வாயால் சொன்ன வகையும் தாளில் அச்சான வகையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே வெளியே வாருங்கள்.