ஜாபிக்ஸ் 7.0: உரிமக் கட்டணம் இல்லை, உழைப்பு உண்டு

லாட்வியாவின் ரீகா நகரிலிருந்து வரும் வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியான ஜாபிக்ஸ், 2001 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைத்துவருகிறது. நீண்டகால ஆதரவு கொண்ட அதன் 7.0 பதிப்பு 2024 ஜூனில் வெளியானது. பல கிளைகள், சில நூறு சுவிட்சுகள், வெவ்வேறு நிறுவனங்களின் ரவுட்டர்கள் என்று விரிந்துகிடக்கும் வலையமைப்பைப் பராமரிப்பவரின் கோணத்திலிருந்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சர்வர் கண்காணிப்பில் அது எப்படி என்பது வேறு கதை.

இதே வேலையைச் செய்யும் கட்டண மென்பொருள்களில் பி.ஆர்.டி.ஜி. சென்சார்களின் (கண்காணிக்கும் ஒவ்வோர் அளவீட்டின்) எண்ணிக்கையையும், ஓப்மேனேஜர் சாதனங்களின் எண்ணிக்கையையும் வைத்து உரிமக் கட்டணத்தைக் கணக்கிடுகின்றன. ஜாபிக்ஸில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை என்பதால், எதைக் கண்காணிப்பது என்ற முடிவில் பணம் குறுக்கிடுவதில்லை. கிளைகளுக்கு இது வழங்கும் ப்ராக்ஸி, அதாவது கிளையிலேயே இருந்து அளவீடுகளைத் திரட்டும் துணை நிரல், என்னைப் பெரிதும் கவர்ந்த அம்சம். தலைமையகத்துடனான இணைப்பு அறுந்தாலும் கிளையின் ப்ராக்ஸி அளவீடுகளைத் தன்னிடமே சேமித்து, இணைப்பு திரும்பியதும் அனுப்பிவிடும். ஆகவே இணைப்பு இல்லாதிருந்த நேரத்தில் கிளைக்குள் என்ன நடந்தது என்பதையும் பிறகு பார்க்க முடிகிறது. 7.0-ல் பல ப்ராக்ஸிகளை ஒரு குழுவாக்கி, ஒன்று விழுந்தால் மற்றவை அதன் சுமையை ஏற்கும்படியும் செய்யலாம்.

அளவீட்டின் துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் கடந்துபோன பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுண்ட்டர் ஏறத்தாழ 34 நொடிகளில் நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படிப்பவருக்குக் கிடைப்பது பொய்க் கணக்கே. ஜாபிக்ஸின் டெம்ப்ளேட்டுகள் (ஆயத்த அமைப்புகள்) 64 பிட் கவுண்ட்டரைப் படிப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

சிக்கல் எழுவது அலர்ட்டுகளில்தான். ஒரு போர்ட் இயங்கும் நிலையிலிருந்து அணைந்த நிலைக்கு மாறினால் அலர்ட் எழுப்புவது டெம்ப்ளேட்டின் இயல்பான அமைப்பு. அலுவலகம் முடிந்து ஊழியர்கள் கணினிகளை அணைக்கும் நேரத்தில் இது அலர்ட் மழையாகப் பொழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முக்கியமான போர்ட்டுகளுக்கு மட்டும் சுவிட்சிலேயே விவரக்குறிப்பு எழுதி, ஜாபிக்ஸ் எந்தப் போர்ட்டுகளைக் கண்டறிந்து சேர்க்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்து வடிகட்டுவது சரியான தீர்வு. அதற்கு முன் சுவிட்சுகளின் அமைப்பை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும்.

லீஸ்டு லைன் (சேவை நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு) விஷயம் இதைவிட நுட்பமானது. 50 எம்.பி.பி.எஸ். லைனைச் சேவை நிறுவனம் கிகாபிட் போர்ட்டில்தான் கொடுத்துவிட்டுப் போகும். ஜாபிக்ஸ் போர்ட்டின் வேகத்தை வைத்துப் பயன்பாட்டுச் சதவீதத்தைக் கணக்கிடுவதால், லைன் முழுவதும் நிரம்பி வழிந்தாலும் அதன் கண்ணுக்கு அது 5 சதவீதம்தான். எச்சரிக்கை ஒருபோதும் வராது. அந்த போர்ட்டுக்கு மட்டும் எச்சரிக்கை வரம்பை 4.5 சதவீதமாகக் குறைக்க மேக்ரோ (மாற்றியமைக்கக்கூடிய மதிப்பு) வசதி இருக்கிறது. ஆனால் வரம்பைவிட மூன்று புள்ளி குறைந்தால்தான் அலர்ட் விலகும் என்று டெம்ப்ளேட்டில் எழுதியிருப்பதால், பயன்பாடு 15 எம்.பி.பி.எஸ்.-க்குக் கீழே இறங்கும்வரை அது சிவந்தே நிற்கும். லீஸ்டு லைன்களுக்கெனத் தனி ட்ரிகர் (அலர்ட்டை எழுப்பும் விதி) எழுதுவதே மேல்.

கிளையின் ரவுட்டர் விழுந்தால் அதன் பின்னாலுள்ள சுவிட்சுகள் எல்லாம் தனித்தனியே கூக்குரலிடாமல் தடுக்க ட்ரிகர்களுக்கிடையே சார்பு அமைக்கலாம். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வலையமைப்பின் இணைப்பு வரைபடத்தைப் பார்த்து இந்தச் சார்புகளை ஜாபிக்ஸ் தானாக அமைத்துக்கொள்ளாது. நிறையக் கிளைகள் இருந்தால் நிரல்கள் ஜாபிக்ஸுடன் பேச உதவும் ஏ.பி.ஐ. வழியாக ஸ்கிரிப்ட் எழுதித்தான் செய்ய வேண்டும். ரவுட்டரைச் சுவிட்சுகளைவிடக் குறைந்த இடைவெளியில் சோதிக்குமாறும் வைக்க வேண்டும். சுவிட்சின் ட்ரிகர் முந்திக்கொண்டால், சார்பு தடுப்பதற்கு முன்பே அதன் அலர்ட் அனுப்பப்பட்டுவிடும்.

தரவுத்தளத்தை முன்கூட்டியே திட்டமிடாதவர்கள் சில மாதங்களில் அதன் பலனைக் காண்பார்கள். ஒரு போர்ட்டுக்கு ஒன்பது அளவீடுகள் என்றால் 48 போர்ட் கொண்ட ஏழு சுவிட்சுகளிலேயே மூவாயிரத்தைத் தாண்டிவிடும். அவை அனைத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் நொடிக்கு 50 மதிப்புகள். ஒரு மதிப்புக்கு 90 பைட் வீதம் 30 நாளில் சுமார் 11 ஜி.பி. சேரும். மணிக்கொரு சராசரியையும் உச்சத்தையும் தனியே நெடுங்காலம் வைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், நுண்ணிய அளவீடுகளை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் அதன் நீட்சியான டைம்ஸ்கேல்டிபி-யையும் சேர்த்து நிறுவினால் பழைய தரவை வரிவரியாக அழிக்கும் சுமையும் நீங்கும்.

ஐம்பது, அறுபது சாதனங்களை ஒரே ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு நான் ஜாபிக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து நிமிட இடைவெளி போதுமென்றால், அண்டைச் சாதனங்களை எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறை வழியாகத் தானே கண்டுபிடித்து உடனே வரைபடம் காட்டும் லிப்ரே என்.எம்.எஸ். அங்கே போதும். பெரிய வலையமைப்புக்கு ஜாபிக்ஸை எடுப்பவர்கள் முதல் மாதம் ரவுட்டர்களையும், சுவிட்சுகளை மேல்மட்டத்துடன் இணைக்கும் அப்லிங்க் போர்ட்டுகளையும் மட்டும் சேர்த்து, அலர்ட்டுகள் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகே மற்றச் சுவிட்சுகளைச் சேர்ப்பது நல்லது.