மங்கலான பேரடைகளுக்கு 8 அங்குல டாப்சோனியன் எப்படி?

சனிக்கோளின் வளையத்தையும் நிலவின் பள்ளங்களையும் சிறிய தொலைநோக்கிகளே காட்டிவிடும் என்பதால், நான் பயன்படுத்திவரும் 8 அங்குல டாப்சோனியனை (கையால் திருப்பும் எளிய தாங்கியில் அமைந்த ஆடித் தொலைநோக்கியை) எம்33 என்னும் முக்கோண விண்மீன் பேரடையைக் கொண்டே மதிப்பிடுகிறேன். அதன் பொலிவெண் (எண் குறையக் குறைய ஒளி மிகும் அளவு) ஏறத்தாழ 5.7 என்பதைப் பார்த்து எளிதில் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஒளி முழுநிலவின் விட்டத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் நீண்ட பரப்பில் பரவிக் கிடப்பதால், பக்கத்துத் தெருவிளக்கு ஒன்றே அதை மறைத்துவிடப் போதும்.

கருவியின் குழியாடி 203 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தொலைவும் உடையது. உடன் வரும் 25 மி.மீ. கண்ணருகு வில்லை 48 மடங்கு பெரிதாக்கினாலும், அதில் தெரியும் வானம் ஒரு பாகை அகலமே என்பதால், பேரடை அதை நிறைத்துக்கொள்ள, ஒப்பிட்டுப் பார்க்க இருண்ட பின்புலமே எஞ்சுவதில்லை. அகலமான காட்சி தரும் 30 மி.மீ. வில்லையைத் தனியே வாங்கிப் பொருத்திய பிறகுதான் இக்கருவியின் உண்மையான வலிமை எனக்குத் தெரிந்தது.

ஊர்ப்புறத்து வீட்டுக் கொல்லையில், மார்கழித் தொடக்கத்தில் இரவு 8 மணியளவில் எம்33 உச்சிக்கு அருகே வரும்போது, அரை மணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்கிவிட்டு, நேராக நோக்காமல் சற்று விலக்கிப் பார்த்தால், நீள்வட்ட வடிவில் வெண்சாம்பல் படலம் ஒன்று மெல்லப் புலப்படுகிறது. குழாயை விரலால் இலேசாகத் தட்டினால் அதன் விளிம்பு இன்னும் தெளிகிறது. ஓரத்தில் சிறு திட்டாகத் தெரியும் என்ஜிசி 604, அப்பேரடைக்குள்ளேயே விண்மீன்கள் பிறக்கும் மாபெரும் முகில். ஏறத்தாழ 27 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு முகிலைத் தனியே பிரித்துக் காண முடிவதற்காகவே இக்கருவிக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன். ஒளிப்படங்களில் காணும் நிறங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. எம்33 போல 70 பாகை உயரத்தில் உள்ளதை நேர்க்குழல் தேடுநோக்கியில் (இலக்கைக் கண்டுபிடிக்கக் குழாயில் பொருத்திய சிறு தொலைநோக்கியில்) பார்ப்பது கழுத்தை வருத்துகிறது. செங்கோண வகைத் தேடுநோக்கியே நல்லது. இடம் மாற்றும்போதெல்லாம் ஆடிகளின் ஒழுங்கைச் சரிபார்க்கவும் வேண்டும்.

நகரத்து மொட்டை மாடி மட்டுமே வாய்த்தவர்கள் பேரடைகளுக்காக இதை வாங்க வேண்டாம். தெற்கு அடிவானம் இருண்ட ஊரில் இருப்பவர்கள், 1783இல் வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் கண்டறிந்த என்ஜிசி 253 என்னும் பேரடையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் தாழ்வாகவே எழும் அப்பேரடை தமிழ்நாட்டில் 50 பாகைக்கு மேல் ஏறுகிறது, எம்33ஐவிட எளிதாகவும் தெரிகிறது.