தொட்டியைத் தாண்டிப் போன படங்கள்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

கணினியில் நீக்கியவை போய் விழும் தொட்டியான ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். காலியாக இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். திரையைப் புதுப்பிக்கும் எஃப்5 விசையையும் அழுத்திப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை.

மூன்று வார விடுமுறையில் எத்தனையோ நடந்தன. திரும்பி வந்து இரண்டு மாதமாகியும் என் மனத்தை விட்டு அகலாதது, அப்பாவின் கணினிக்கு முன்னால் கை நடுங்க உட்கார்ந்திருந்த அந்த நிமிடமும் அதற்குப் பிந்தைய இரண்டு நாள்களும்தான்.

போன முறை வந்தபோது வீட்டு ஆல்பங்களை முழுவதும் ஸ்கேன் செய்து அந்தக் கணினியில் சேர்த்துவைத்திருந்தேன். மொத்தம் 340 படங்கள். அதன் பிறகு ஒரு மழைக்காலத்தில் அலமாரிக்குள் நீர் கசிந்து, ஆல்பங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போய்விட்டன. குடும்பத்தின் பழைய முகங்கள் மிஞ்சியது அந்த ஒரே ஃபோல்டரில்தான். இந்த முறை அவற்றை என் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தேன். அதற்கு முன் டெஸ்க்டாப்பில் குவிந்து கிடந்தவற்றைக் கொஞ்சம் கழித்துக்கட்டலாம் என்று உட்கார்ந்தேன். 'ஸ்கேன்', 'ஸ்கேன் புதியது' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று நான் சோதனைக்காகச் செய்தது. மாற்றித் தேர்ந்தெடுத்து டெலிட் விசையை அழுத்திவிட்டேன். சிறு பெட்டி ஒன்று வந்து ஏதோ கேட்டது. என்டர் தட்டினேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "இந்த ஃபோல்டரை ரீசைக்கிள் பின்னுக்கு நகர்த்த வேண்டுமா?" என்பது வழக்கமாக வருவது. "இந்த ஃபோல்டரை நிரந்தரமாக நீக்க வேண்டுமா?" என்பது அன்று வந்தது. அளவும் பொத்தான்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் நடுவில் உள்ள ஓரிரு சொற்களில் இருக்கிறது. 1995-இல் விண்டோஸ் 95-உடன் ரீசைக்கிள் பின் வந்த நாளிலிருந்து கணினியைத் தொடுகிறவள் நான். தவறாக நீக்கினால் தொட்டியைத் திறப்பது, வலது பொத்தானை அழுத்தி மீட்பது என்பது எனக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கண் படிப்பதற்குள் விரல் தட்டியது.

அப்பாவிடம் கேட்டபோது காரணம் வெளிவந்தது. ஆறு மாதம் முன்பு கணினியில் இடம் போதவில்லை என்று பழுதுபார்க்கிறவரை வரவழைத்திருக்கிறார். அவர் அரை மணி நேரம் எதையெதையோ செய்துவிட்டு, "இனிமேல் டிஸ்க் நிறையாது ஐயா" என்று சொல்லிப் போயிருக்கிறார். தொட்டியின் பண்புகளைத் திறந்தேன். கோப்புகளைத் தொட்டிக்கு அனுப்பாமல் உடனே அகற்று என்ற தேர்வில் புள்ளி வைக்கப்பட்டிருந்தது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எல்லாக் கணினியிலும் அப்படித்தான் வைப்போம் மேடம். யாருமே தொட்டியைக் காலி செய்வதில்லை, இடத்தை அடைத்துக்கொள்கிறது" என்றார். குரலில் குற்ற உணர்வே இல்லை. எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. காலியான தொட்டி இடம் பிடிப்பதில்லை. தொட்டி அதிகம் அடைத்தால் அதன் உச்ச அளவைக் குறைத்துவைக்க அதே பெட்டியில் வழி இருக்கிறது. போகட்டும், மாற்றித்தான் வைத்தார். "இனி நீக்கினால் திரும்ப வராது" என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? 74 வயது மனிதர் தினமும் பயன்படுத்தும் கணினியில் பாதுகாப்பு வலையை அறுத்துவிட்டு, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்று பிற்பகலே வந்தார். வந்தவுடன் அதே கணினியில், அதே சி டிரைவில், ஏதோ மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கத் தொடங்கினார். எனக்குள் ஏதோ நெருடியதால் பாதியில் நிறுத்தச் சொன்னேன். "அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாது மேடம், போனது போனதுதான்" என்று எழுந்துகொண்டார்.

நான் இருக்கும் நாட்டில் இப்படி ஒருவர் வீட்டுக்கு வந்து என் கணினியைத் தொட முடியாது. செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அதே நாட்டில் சில ஆண்டுகள் முன்பு என் டிஸ்க் ஒன்று பழுதானபோது நான் பட்டதையும் சொல்கிறேன். இணையப் படிவம் நிரப்பி, கூரியரில் அனுப்பி, ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். கடைசிவரை ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்கவில்லை. மீட்க முடியவில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை தங்கை தன் கல்லூரித் தோழியை அழைத்துவந்தாள். அவர் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கிறவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். உட்காரும் முன்பே கேட்டது: "அக்கா, கணினி இன்னும் ஓடிக்கொண்டா இருக்கிறது?" ஆம் என்றேன். மின்வடத்தைப் பிடுங்கிவிட்டார். முறைப்படி அணைக்கக்கூட இல்லை. அணையும்போதும் விண்டோஸ் டிஸ்க்கில் எதையாவது எழுதும் என்றார்.

பிறகுதான் கேள்விகள். ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்தினீர்களா? பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ இருந்ததா? வேறு கணினியின் பகிர்வு ஃபோல்டரா? கட்டளைத் திரையில் நீக்கினீர்களா? ஃபோல்டர் தொட்டியின் அளவைவிடப் பெரியதா? இந்த வழிகளில் போகிறவை எல்லாம் தொட்டியைத் தொடாமலே போகுமாம். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் அதற்கென்று மறைவான தொட்டி உள்ளுக்குள் இருக்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நான் எதற்கும் இல்லை என்று தலையாட்டி, பண்புகளில் இருந்த புள்ளியைச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நீக்கிய பிறகு இதில் என்ன செய்தீர்கள்?"

அந்தக் கேள்வி சுட்டது. இரண்டு மணி நேரம் அதே கணினியில் உலாவியைத் திறந்து, நீக்கிய கோப்பை மீட்பது எப்படி என்று பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் திறந்த ஒவ்வொரு பக்கமும் தன் படங்களை அதே டிஸ்க்கில் இறக்கியிருக்கிறது. நீக்கும்போது படத்தின் உள்ளடக்கம் அழிவதில்லை. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று பதிந்துவைக்கும் கோப்பு அட்டவணையில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. காலி என்று குறித்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே இருக்கும். நான் இரண்டு மணி நேரமாக அங்கே ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். லேபிளை விளக்குக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டு முதன்முறையாகச் சிரித்தார். "சுழலும் டிஸ்க் அக்கா. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் நான் இப்போதே கிளம்பியிருப்பேன்." சுழலும் தகடு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நீக்கியவுடன் டிரிம் என்ற கட்டளை போய்விடுமாம், அந்த இடங்களை டிஸ்க்கே துடைத்துவிடும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இப்படித்தானாம். கணினி ஊர்கிறது, எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள் என்று மூன்று வருடமாக அப்பாவை நச்சரித்தவள் நான். அவர் மாற்றாமல் விட்டதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

மூல டிஸ்க்கில் அவர் எதையும் தேடவில்லை. ஓர் இணைப்பான் வழியாகத் தன் மடிக்கணினியில் பொருத்தி, 500 ஜிபி முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தார். அது முடியவே நள்ளிரவைத் தாண்டிவிட்டது. தேடுவதெல்லாம் நகலில்தான். கோப்பு அட்டவணையில் பதிவு அழியாமல் இருந்தவை பெயரோடு வந்தன. பதிவு போனவற்றுக்காக ஃபோட்டோரெக்கை ஓட்டினார். அந்த இலவச மென்பொருள் பெயரைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் மேல் வரிவரியாகப் போய், ஜேபெக் படம் தொடங்கும் பைட்டுகள் எங்கே தென்படுகின்றனவோ அங்கிருந்து படத்தை வெட்டி எடுக்கிறது. பெயருக்குப் பதில் எஃப் எழுத்தும் நீண்ட எண்ணும்தான் கிடைக்கும். உலாவி இறக்கிய விளம்பரப் படங்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வந்தன. அவற்றுக்கு நடுவே எங்கள் வீட்டு முகங்களைப் பொறுக்கி எடுத்தோம், நான், தங்கை, அப்பா மூவரும்.

298 படங்கள் பெயரோடு முழுதாக வந்தன. 24 பெயரில்லாமல் முழுதாக வந்தன. ஏழு வரவேயில்லை. மிச்சம் 11 படங்களில் மேல்பாதி மட்டும் இருக்கிறது. ஒரு கோட்டுக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். அதில் ஒன்று சிறு வயதில் பாட்டி எங்களை மடியில் வைத்திருக்கும் படம். பாட்டியின் முகமும் தோளும் தெளிவாக இருக்கின்றன. மடி இருந்த இடத்தில் சாம்பல். அப்பா அதைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முகம் வந்துவிட்டதே, போதும்" என்றார்.

அந்தத் தோழி அடுத்த நாளும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. டி டிரைவுக்கும் தனியாக அதே புள்ளி வைத்திருப்பார்களே என்று இரவில் தோன்றியதாம். அமைப்பு ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி. பார்த்தோம், வைத்திருந்தார்கள். இரண்டு டிரைவிலும் அதைப் பழையபடி மாற்றினோம். ஐந்து வாரம் காத்திருந்தும் எனக்கு வெளிநாட்டில் கிடைக்காதது இந்த அக்கறைதான். எங்கள் ஊரில் இது இன்னும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. கேட்காமல் பிறர் கணினியில் கை வைக்கும் பழக்கமும் அதே ஊரில்தான் இருக்கிறது என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அப்பாவைக் கணினி முன் உட்காரவைத்தேன். படங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. சியில் ஒரு வெற்றுக் கோப்பு, டியில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கி இரண்டையும் நீக்கச் சொன்னேன். பெட்டி வந்ததும் அவர் கண்ணாடியைச் சரிசெய்து, வாக்கியத்தை வாய்விட்டு முழுதாகப் படித்தார். பிறகு தொட்டியைத் திறந்து, இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து, தானே வலது பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். "இன்னொரு தடவை" என்று சொல்லி மறுபடியும் செய்தார்.