தலைக்கவசம் செய்ய ஃபோம் வாங்கப் பெரியமேடு போங்கள்

பள்ளி நாடகம், மாறுவேடப் போட்டி என்று வீட்டிலேயே போர்வீரன் தலைக்கவசம் செய்ய நினைப்பவர்கள் நேராகக் கிராஃப்ட் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். வேண்டாம். அங்கே பளபள கவரில் தொங்கும் ஃபோம் ஷீட் பெரும்பாலும் 2 மி.மீ. தான், பூ வெட்டி ஒட்டலாம், தலையில் நிற்காது. நமக்கு வேண்டியது 5 மி.மீ. இ.வி.ஏ. ஃபோம், ரப்பர் மாதிரி வளைகிற ஷீட். அது செருப்பு, ஷூ தைக்கிறவர்களின் சரக்கு என்பதால் சென்னையில் தோல் வியாபாரம் நடக்கும் பெரியமேட்டில்தான் தேட வேண்டும், சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியம் பக்கம் நடக்கிற தூரம்தான்.

நான் வாங்குவது அங்கே ஒரு சின்னக் கடையில். உள்ளே நுழைந்ததும் "ஹார்டா, சாஃப்டா?" என்று கேட்பார்கள், முழிக்காதீர்கள். ஹார்டு என்றால் அடிப்பகுதிக்கு, சோல் வெட்டுவது, வளைக்கப் போனால் முறைத்துக்கொண்டு நிற்கும். மண்டையின் வளைவுக்கு சாஃப்ட், உச்சியில் வரும் கொண்டைப் பட்டைக்கும் கன்னத் தகட்டுக்கும் ஹார்டு. ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் உடனே எழும்பி வந்தால் நல்ல சரக்கு. குறை என்னவென்றால் பாதி ஷீட் தரமாட்டார்கள், சில்லறை வியாபாரத்தில் அவர்களுக்கு அக்கறையே இல்லை. வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது, மெட்ரோவில் போய்விடுங்கள்.

தெர்மோகோல் மலிவாச்சே என்பீர்கள். ஆமாம், ஆனால் சொல்யூஷன் பசையோ ஸ்ப்ரே பெயின்ட்டோ பட்டால் அப்படியே கரைந்து குழி விழும், ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால், அடிப்பதற்கு அக்ரிலிக் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒரு முறை கீழே விழுந்தால் உடைந்துவிடும். பலூன் மேல் மைதா பசை தடவிப் பேப்பர் ஒட்டுவது செலவே இல்லாத வழி, கெட்டியாகவும் வரும். ஆனால் ராயபுரம், காசிமேடு பக்கக் கடல்காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், உள் அடுக்கு காயாமல் பூஞ்சை பிடித்து நாறும். கோடை விடுமுறையில் செய்வதென்றால் சரி. ஃபைபர் ரெசின் பக்கமே போகாதீர்கள், அந்த நெடியும் தேய்க்கும்போது பறக்கும் தூளும் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. ஃபோமில் எடையும் குறைவு. தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்துக்குக் கல்யாண முருங்கைக் கட்டையை எடுப்பதே எடை குறைவு என்பதால்தானே, விடிய விடிய தலையில் சுமக்கிறவர்களுக்குத் தெரியாததா?

ஃபோம் ஒட்டும் பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். போதும், இது வெள்ளை ஃபெவிகால் இல்லை, ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்த்து அழுத்த வேண்டும், ஈரத்தோடு ஒட்டிவிட்டு பசை சரியில்லை என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒரு முறை பிடித்துவிட்டால் நகர்த்த முடியாது, அதனால் குறி போட்டுக்கொண்டு ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஹீட் கன், அதாவது கடும் சூட்டில் காற்று வீசும் கருவி, ஒன்று தேவைப்படும், தலைமுடி காய வைக்கிற டிரையர் 5 மி.மீ. ஃபோமுக்குப் பத்தாது. சூடு பட்டதும் ஃபோம் தோசை மாதிரி மடங்கும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வடிவம் நிற்கும். அதோடு மேல்பரப்பின் பொடிக் கண்களும் மூடிக்கொள்வதால் பெயின்ட் உள்ளே இழுக்காது. அதற்குமேல் தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலை மெல்லிசாகச் சில பூச்சு, முதலில் கறுப்பு அடித்து, அது காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் வெள்ளி நிறத்தை லேசாக இழுத்தால் அடிபட்ட இரும்பு போலவே வரும். கடையில் விற்கும் ரெடிமேட் பிளாஸ்டிக் கவசத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

ஒன்றே ஒன்று, ஃபோம் காற்றை விடாது. உச்சிப் பட்டைக்கு அடியில் மறைவாக நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே பருத்தித் துணி ஒட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்பே கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடும்.